வேலையில் அடிபட்டால் எந்த வைத்தியம் சரி என்று யார் சொல்வது?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு வீட்டில் யாராவது வேலையிடத்தில் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தால், பொழுது சாய்வதற்குள் ஆளுக்கொரு தீர்ப்பு வந்துவிடும். "ஸ்கேன் எடுக்காம விடாதே" என்பார் மாமா. "ஒரு மாசம் படுக்கையை விட்டு எழுந்திரிக்காதே" என்பார் பெரியம்மா. "கம்பெனி டாக்டரை நம்பாதே" என்பார் பக்கத்து வீட்டு அங்கிள். எல்லாரும் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் முதல் இரண்டு யோசனையும் பெரும்பாலான முதுகுவலிக்குப் பொருந்தாது. இரண்டாவது கெடுதலும் செய்யும்.

டாக்டர் வேறு மாதிரி பேசுவார். "கைட்லைன்படி இப்போது ஸ்கேன் வேண்டாம், நடமாடுங்கள்" என்பார். வலியோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது செலவை மிச்சம் பிடிக்கிற பேச்சாகத்தான் கேட்கும். முதலாளி பக்கம் பேசுபவர்களோ அதே கைட்லைனைக் காட்டி, "சீக்கிரம் வேலைக்குத் திரும்பு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். 'கைட்லைன்' என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது என்ன, அது எப்படி உருவாகிறது, அதை நாம் எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. அடிபட்ட ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன்.

ஒரே கோப்பில் இரண்டு கேள்விகள்

வேலையில் அடிபடுவதை நாம் இங்கே 'ஐஓடி' (இன்ஜுரி ஆன் ட்யூட்டி) என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதற்கான சட்டம் 1993ஆம் ஆண்டின் 130ஆம் எண் சட்டம், அதாவது வேலைக் காயம், நோய் இழப்பீட்டுச் சட்டம்; பேச்சில் 'கொய்டா'. முதலாளிகள் ஆண்டுதோறும் கட்டும் பணத்தில் இழப்பீட்டு நிதி நடக்கிறது. கட்டுமானத்துக்கும் சுரங்கத்துக்கும் தனித்தனிப் பரஸ்பரக் காப்பீட்டு நிறுவனங்கள் உண்டு. சுரங்கத் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு 1973ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. முதலாளிமேல் தவறு இருக்கிறது என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. பதிலுக்கு, முதலாளியை நீதிமன்றத்துக்கு இழுக்கும் உரிமையைச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. வீட்டு வேலை செய்பவர்கள் வெகுகாலம் இதற்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். 2020 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம்தான் அந்த அநியாயத்தை நீக்கியது.

இந்தக் கோப்பில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்தக் காயம் வேலையால் வந்ததா என்பது ஒன்று. அது சட்டக் கேள்வி. இந்தக் காயத்துக்கு எந்தச் சிகிச்சை பலன் தரும் என்பது மற்றொன்று. அது மருத்துவக் கேள்வி. இரண்டுக்கும் ஒரே டாக்டர் ஒரே ஃபார்மில் எழுதுவதால் நம் மனதில் அவை ஒட்டிக்கொள்கின்றன. ஸ்கேன் வேண்டாம் என்றால் "கேஸை ஒத்துக்கொள்ளவில்லை" என்று பயந்துவிடுகிறோம். கேஸ் நிற்பது ஸ்கேன் படத்தால் மட்டும் அல்ல. நடந்ததைச் சரியாகப் பதிவு செய்வதில்தான் அதன் உயிர் இருக்கிறது. முதல் மருத்துவ அறிக்கையில் டாக்டர் "முதுகுவலி" என்று மட்டும் எழுதினால் அது பலவீனம். "காலை வேலை நேரத்தில், லாரியிலிருந்து துணிக்கட்டை இறக்கும்போது இடப்பக்கம் திரும்பியதும் வலி பிடித்தது" என்று நீங்கள் சொல்லி அவர் எழுதினால் அது பலம். விபத்து தெரியவந்த 7 நாளுக்குள் முதலாளி அதை அறிவிக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கம்பெனி டாக்டர் பற்றிய சந்தேகத்துக்கும் இங்கேயே ஒரு பதில். நியாயமான வரம்புக்குள் தன் டாக்டரைத் தானே தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் அடிபட்டவருக்கு உண்டு. அனுமதி பெற்றுச் சொந்தமாக மருத்துவ வசதி நடத்தும் நிறுவனங்கள் இதற்கு விதிவிலக்கு.

மிளகாய்ப் பாத்தி

இனி மருத்துவக் கேள்விக்கு வருவோம். ஒரு வைத்தியம் பலன் தந்தது என்று எப்படித் தெரியும்?

கிளேர்வுட், ஸ்பிரிங்ஃபீல்டு பக்கம் காய்கறி போட்டுப் பிழைத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் பலர். அவர்கள் வீட்டுப் பின்கட்டில் இன்றும் மிளகாய்ப் பாத்தி இருக்கும். இந்த வருடம் எல்லாப் பாத்திக்கும் புது உரம் போட்டீர்கள், காய் நன்றாகப் பிடித்தது. உரத்தால்தானா? மழையும் நன்றாகப் பெய்திருக்கிறதே. இதைத் தெரிந்துகொள்ளப் பாதிப் பாத்திக்கு உரம் போடாமல் விட வேண்டும். எந்தப் பாதியை விடுவது என்று நீங்களே முடிவு செய்தால், கை தானாகத் தண்ணீர்க் குழாய் ஓரம் இருக்கும் நல்ல மண்ணுக்குத்தான் உரத்தைக் கொண்டுபோகும். அதனால் சீட்டுக் குலுக்கிப் பிரிக்க வேண்டும். கடைசியில் காயை எண்ணுகிறவருக்கு எந்தப் பாத்தியில் உரம் போட்டது என்று தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது.

மருத்துவத்திலும் இதைத்தான் செய்கிறார்கள். சிகிச்சை பெறாத, அல்லது வேறு சிகிச்சை பெறும் கூட்டத்துக்கு ஒப்பீட்டுக் குழு என்று பெயர். யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கல் போலப் பிரித்து நடத்துவது சமவாய்ப்புச் சோதனை.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? உடம்பு தானாகவே ஆறும். திடீரென்று பிடித்த முதுகுவலி பெரும்பாலானோருக்கு முதல் ஆறு வாரத்தில் நன்றாகவே குறைந்துவிடும். அதிலும் நாம் டாக்டரிடம் ஓடுவது வலி உச்சத்தில் இருக்கும் நாளில்தான். அதற்குப் பிறகு எது செய்தாலும் வலி இறங்கத்தான் செய்யும். அந்த நாட்களில் என்ன ஊசி போட்டோமோ, என்ன தைலம் தேய்த்தோமோ, அதற்கே நல்ல பெயர் கிடைத்துவிடும். "எனக்கு அதில்தான் சரியாச்சு" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் உரம் போடாத பாத்தி இல்லை, அவ்வளவுதான்.

நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்த யோசனை

இந்தச் சிந்தனையை உலகுக்கு உரக்கச் சொன்னவர்களில் ஆர்ச்சி காக்ரன் முக்கியமானவர். ஸ்காட்லாந்தில் பிறந்த இந்த டாக்டர் (1909–1988), தெற்கு வேல்ஸின் நிலக்கரித் தொழிலாளர்களின் நுரையீரலில் தூசி படிந்து வரும் நோயை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். தொழிலாளர் வீடு வீடாக ஆட்களைத் தேடிப் பிடித்து மார்பு எக்ஸ்ரே எடுத்தார். ஒரே படத்தை இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகப் படிப்பதைப் பார்த்தவருக்கு, நிபுணர் சொன்னார் என்பது மட்டும் போதாது என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு துறையிலும் நடந்த எல்லாச் சமவாய்ப்புச் சோதனைகளையும் திரட்டி, நிறைகுறை பார்த்து, காலாகாலத்தில் புதுப்பித்துத் தர வேண்டும் என்று 1979இல் அவர் எழுதினார். 1993இல் அவர் பெயரிலேயே அதற்கு ஒரு பன்னாட்டு அமைப்பு உருவானது. அதன் தென்னாப்பிரிக்க மையம் கேப்டவுனில் இயங்குகிறது.

தொழிலாளியின் நுரையீரலை ஆராய்ந்தவரிடமிருந்து வளர்ந்த ஒரு முறையைத் தொழிலாளிக்கு எதிரானது என்று நாம் தள்ளிவைப்பது வருத்தமான விஷயம்.

அப்படித் திரட்டித் தருவதை ஆய்வுத் தொகுப்பு என்போம். வழிகாட்டுதல், அதாவது கைட்லைன், அதற்கு அடுத்த படி. டாக்டர்கள், இயன்முறை மருத்துவர்கள், சில இடங்களில் நோயாளிகளின் பிரதிநிதிகளும் உட்கார்ந்து, தொகுப்பில் வந்த சான்று எவ்வளவு உறுதியானது, நன்மை எவ்வளவு, தீமை எவ்வளவு, செலவு என்ன என்று எடைபோட்டு, "இந்த நிலையில் இதைச் செய்யலாம்" என்று எழுதுகிறார்கள். சில பரிந்துரைகள் வலுவானவை. சில தளர்வானவை, அவற்றில் டாக்டரும் நோயாளியும் பேசி முடிவு செய்ய இடம் உண்டு.

இங்கே எல்லாரும் தடுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. 'சான்று இல்லை' என்பது வேறு, 'பலன் இல்லை என்பதற்குச் சான்று இருக்கிறது' என்பது வேறு. முன்னதில் யாரும் ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கவில்லை என்று பொருள். பின்னதில் சோதித்துப் பார்த்தார்கள், தேறவில்லை என்று பொருள். காப்பீட்டுக்காரர்களின் கடிதங்களில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும்போது தொழிலாளிதான் நஷ்டப்படுகிறார்.

அமெரிக்காவில் தொழில் மருத்துவர்களின் 'கல்லூரி' எனப்படும் சங்கம், வேலைக் காயங்களுக்கென்றே பெரிய வழிகாட்டுதல் தொகுதி வெளியிடுகிறது. கலிஃபோர்னியா மாநிலம் அதைத் தன் இழப்பீட்டு விதிகளுக்கு அடிப்படையாகவே எடுத்துக்கொண்டுள்ளது. இங்கே அரசு கிளினிக்குகளுக்குச் சுகாதாரத் துறை 1996 முதல் தரச் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிட்டு வருகிறது. அதில் எல்லா நோயும் அடங்கும், வேலைக் காயம் மட்டும் அல்ல.

சுருக்கமாக: தனி ஆளின் அனுபவத்தைவிட ஒப்பீட்டுக் குழு வைத்த சோதனை நம்பகமானது. ஒரு சோதனையைவிடப் பல சோதனைகளின் தொகுப்பு நம்பகமானது. அந்தத் தொகுப்பின்மேல் நன்மை தீமையை எடைபோட்டு எழுதுவதுதான் வழிகாட்டுதல்.

முதுகுவலியை எடுத்துக்கொள்வோம்

கிடங்கு, துறைமுகம், ஆஸ்பத்திரி வார்டு என்று எங்கே போனாலும் முதலில் அடிவாங்குவது முதுகுதான். சான்று நம் பழைய பழக்கத்தை எப்படி மாற்றியது என்பதற்கும் இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

படுக்கை ஓய்வு ஒருகாலத்தில் டாக்டர்களே எழுதிக்கொடுத்த மருந்து. 1986இல் அமெரிக்காவில் முதுகுவலிக்காரர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு குழுவை 2 நாளும் மற்றதை 7 நாளும் படுக்கச் சொன்னார்கள். வலியில் வித்தியாசம் இல்லை; 2 நாள் குழு இழந்த வேலை நாட்கள்தான் மிகக் குறைவு. 1995இல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் இன்னும் ஒரு படி போனார்கள். ஒரு குழுவுக்குப் படுக்கை, ஒரு குழுவுக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாவது குழுவுக்கு "தாங்குகிற அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டிருங்கள்" என்ற சொல் மட்டும். மூன்றாவது குழுதான் வேகமாகத் தேறியது. இன்று எந்த வழிகாட்டுதலைப் புரட்டினாலும் "நடமாட்டத்தை விடாதீர்கள்" என்று இருப்பதற்கு இப்படிப்பட்ட சோதனைகளே காரணம்.

அடுத்தது ஸ்கேன். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டுகள் வயதாக ஆகத் தேயும், பிதுங்கும். முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வு 1994இல் வந்தது. அவர்களில் பாதிப்பேருக்குக் குறைந்தது ஒரு வட்டாவது பிதுங்கியிருந்தது. 2015இல் வந்த தொகுப்பாய்வின்படி, வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் சுமார் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் வட்டுத் தேய்மானம் தெரிகிறது. நரை மாதிரி இது. ஆகவே முதல் வாரத்திலேயே ஸ்கேன் எடுத்தால் ஏதாவது ஒன்று படத்தில் இருக்கத்தான் போகிறது. வலிக்குக் காரணம் அதுதானா என்று படம் சொல்லாது. "உன் டிஸ்க் போயிடுச்சு" என்று காதில் விழுந்தவர் குனியவே பயப்படுவார். பயந்து அசையாமல் இருப்பவரின் முதுகு மேலும் இறுகும். தேவையில்லாத ஸ்கேனில் காசு போவதைவிட இந்தப் பயம்தான் பெரிய சேதம் என்று நான் நினைக்கிறேன்.

மாத்திரை விஷயத்தில், ஓபியம் வகையைச் சேர்ந்த கடுமையான வலிநீக்கிகளை ஆஸ்திரேலியாவில் 300க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். 2023இல் வெளியான முடிவு: புதிதாக வந்த முதுகுவலி, கழுத்துவலிக்கு அவை மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை. அதே சமயம் 2017இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டுதலில், மாத்திரைக்கு முன்னால் செய்ய வேண்டியவற்றில் முதலில் வருவது வெந்நீர் ஒத்தடம் போலத் தோலின்மேல் வைக்கும் சூடு. பெரியம்மா படுக்கச் சொன்னதை விட்டுவிட்டு, அவர் கொடுக்கும் ஒத்தடத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லா முதுகுவலியும் இப்படி அல்ல. சில அடையாளங்களை அபாயக் குறிகள் என்று வழிகாட்டுதல்களே தனியாக எடுத்து வைத்திருக்கின்றன. இரண்டு தொடைக்கும் நடுவில் மரத்துப்போவது, சிறுநீர் இறங்காமலோ அடக்க முடியாமலோ போவது, காலில் பலம் நாளுக்கு நாள் குறைவது ஆகியவை அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய குறிகள். உயரத்திலிருந்து விழுந்தது, முன்பு புற்றுநோய் இருந்தது, காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல் ஆகியவை இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. அங்கே ஸ்கேன் அவசியம்.

வெளிநாட்டுப் புத்தகத்தை அப்படியே தூக்கி இங்கே வைத்துவிட முடியாது என்பதற்கும் இதுவே சாட்சி. தென்னாப்பிரிக்கா உலகிலேயே காசநோய்ச் சுமை மிக அதிகமுள்ள நாடுகளில் ஒன்று. காசநோய் முதுகெலும்பையும் பிடிக்கும். வாரக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலியோடு இரவு வியர்வையும் எடை இழப்பும் இருந்தால், டர்பன் டாக்டர் நினைக்க வேண்டிய முதல் விஷயம் கலிஃபோர்னியா டாக்டருக்கு வரிசையில் கடைசியாக இருக்கலாம். சான்று ஒன்றுதான், அதைப் பொருத்திப் பார்க்கும் மண் வேறு.

கை, மூச்சு, ஊசி

தையல் மெஷினில் காலம் கழித்த நம் அக்காமார் பலருக்கு இரவில் விரல் மரத்துப்போகும். மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடுவதால் வருவது இது. மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை இரவில் கட்டிக்கொள்வதா, ஸ்டீராய்டு ஊசியா? 2018இல் வந்த பிரிட்டிஷ் சோதனையில் ஆறு வாரத்தில் ஊசி முந்தியது, ஆறு மாதத்தில் இரண்டும் சமமாகிவிட்டன. எது நல்லது என்பதோடு எத்தனை நாளைக்கு நல்லது என்றும் கேட்க வேண்டும். பெருவிரல் அடிச்சதை சூம்ப ஆரம்பித்துவிட்டால் தாமதிக்காமல் அறுவை சிகிச்சைப் பேச்சுக்குப் போக வேண்டும்.

பேக்கரி மாவு, கார் பெயின்ட் ஸ்ப்ரே ஆகியவற்றால் வரும் ஆஸ்துமாவில் முதல் மருந்து இன்ஹேலர் அல்ல. அந்தத் தூசியையும் புகையையும் சுவாசிப்பதை நிறுத்துவதுதான். எவ்வளவு சீக்கிரம் விலகுகிறாரோ அவ்வளவு நல்லபடியாகத் தேறுவார் என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. பம்பு அடித்துக்கொண்டே அதே இடத்தில் நிற்பவர் நுரையீரலை இழக்கிறார். சனி ஞாயிறு மூச்சு நன்றாக இருந்து, திங்கள் வேலைக்குப் போனதும் இழுக்கிறது என்றால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நர்ஸ், கிளினிக்கில் துப்புரவு செய்பவர் கையில் பயன்படுத்திய ஊசி குத்திவிட்டால் மணிக்கணக்குதான் முக்கியம். எச்ஐவி தடுப்பு மாத்திரையைக் கூடிய சீக்கிரம், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

'லைட் ட்யூட்டி' என்று மட்டும் எழுதினால் போதாது

டாக்டர் 'புக் ஆஃப்' செய்தால், அதாவது மருத்துவ விடுப்பு எழுதினால், நிம்மதி. வேலைக்குப் போகச் சொன்னால் கோபம். இது இயல்பு. வேலைக்குப் போக முடியாத காலத்துக்குக் கொய்டா தருவது சம்பளத்தில் 75 சதவீதம், அதற்கும் உச்ச வரம்பு உண்டு. முதல் மூன்று மாதம் அதை முதலாளி கொடுத்து, பிறகு நிதியிடம் திரும்பப் பெறுவார். ஆனால் வழிகாட்டுதல்கள் சீக்கிரம் திரும்பச் சொல்வதற்குக் காரணம் பணம் மட்டும் அல்ல. வீட்டில் இருக்கும் காலம் நீள நீள, திரும்பவும் அந்த வேலைக்கே போக முடியும் என்ற வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. தசை தளர்கிறது, தூக்கம் கெடுகிறது, மனம் சோர்கிறது.

அதே வழிகாட்டுதல்கள்தான், திரும்பும் வேலை மாற்றப்பட்ட வேலையாக இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. முதலாளிகள் வாசிக்காமல் விடும் பாதி இதுதான். சீட்டில் 'லைட் ட்யூட்டி' என்று இரண்டு சொல் மட்டும் இருந்தால், சூபர்வைசர் கையில் அது எதுவாகவும் மாறும். "5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும், குனிந்து திரும்பும் வேலை வேண்டாம், இரண்டு வாரத்தில் மறுபரிசோதனை" என்று எழுதியிருந்தால் யாரும் அதை வளைக்க முடியாது. எண்கள் ஆளுக்கு ஆள் மாறும், டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் எண்ணும் தேதியும் இல்லாத சீட்டோடு அறையை விட்டு வெளியே வராதீர்கள்.

டாக்டர் வழிகாட்டுதலை மீறலாமா?

மீறலாம். 1996இல் மருத்துவர் டேவிட் சாக்கெட்டும் அவரது சகாக்களும் சான்று சார்ந்த இந்த மருத்துவ முறைக்குக் கொடுத்த விளக்கத்திலேயே மூன்றும் இருக்கின்றன: சிறந்த சான்று, டாக்டரின் அனுபவம், நோயாளியின் விருப்பம். சோதனையில் கலந்துகொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருந்திருக்காது, உங்களுக்கு இருக்கலாம். வீக்கத்தைக் குறைக்கும் வலி மாத்திரை அவர்களுக்கு ஒத்துக்கொண்டிருக்கும், உங்கள் சிறுநீரகத்துக்கு ஆகாது. அப்போது டாக்டர் வேறு வழியில் போவதே சரி; ஏன் போனார் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டால் நிதி அலுவலகத்தில் பில் தடைபடும் வாய்ப்பும் குறையும்.

ஒரு சிகிச்சையை மறுக்கிறார்கள் என்றால், எந்த வழிகாட்டுதல், எந்த ஆண்டுப் பதிப்பு என்று எழுத்தில் கேளுங்கள். அது உங்கள் காயத்தைப் பற்றியதுதானா, சான்று இல்லை என்கிறதா அல்லது பலனில்லை என்கிறதா என்று டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். கொய்டாவின் கீழ் மருத்துவச் செலவு விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரை ஏற்கப்படும்; மேலும் சிகிச்சை கொடுத்தால் ஊனம் குறையும் என்று டாக்டர் காட்டினால் அதற்குப் பிறகும் நீட்டிக்க இடம் உண்டு. நிதியின் முடிவு உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் 180 நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். முதல் நாள் அறிக்கையிலிருந்து கடைசி லைட் ட்யூட்டிச் சீட்டு வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தால், அந்த ஆட்சேபத்தோடு இணைக்க வேண்டியதைத் தேடி யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.